சிவகாமி அத்தையும் 'ஹீப்' என்ற சொல்லும்

லாரியின் பின்பலகையைக் கழற்றியதும், ஒரு நொடி ஒன்றுமே நடக்காதது போலிருந்து, பிறகு ஈர மணல் மொத்தமாக வழுக்கி இறங்கும்போது எழுகிற அந்தச் 'சர்ர்' என்ற ஓசையும், அதோடு சேர்ந்து வருகிற ஆற்றுப் பாசியின் குளிர்ந்த வாசனையும், வீடு கட்டுகிற தெருவில் வளர்ந்த எவருக்கும் மறந்திருக்காது. தாமிரபரணி மணலுக்கு ஒரு நிறம் உண்டு. ஈரத்தில் வெல்லப்பாகு போலவும் காய்ந்தபின் வறுத்த ரவை போலவும் இருக்கும். அதற்குள் நத்தைக்கூடும், உடைந்த சிப்பியும், காக்காப்பொன் மினுக்கமும், எப்போதாவது யாரோ ஆற்றில் குளிக்கும்போது தவறவிட்ட கண்ணாடி வளையல் துண்டும் கிடக்கும். மணல் இறங்கி முடித்த பிறகும் அதன் அடியிலிருந்து தண்ணீர் கசிந்து, தெருவின் சரிவில் மெல்லிய கோடாக ஓடிக்கொண்டேயிருக்கும். ஆற்றையே ஒரு துண்டு வெட்டி எடுத்து வந்து எங்கள் வாசலில் கொட்டிவிட்டுப் போகிறார்கள் என்றுதான் நான் நினைத்தேன்.

அப்போது நான் பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்ந்திருந்தேன். தம்பி சங்கருக்கு ஐந்து வயது. வண்ணார்பேட்டையில் டவுன் பஸ் போகிற ஒரு தெருவில் வாடகை வீட்டில் இருந்தோம். அப்பாவுக்கு அங்கேயே சின்னதாக ஒரு எலக்ட்ரிக்கல் கடை. அம்மா ஓர் அரசு அலுவலகத்தில் கிளார்க். பல வருடம் யோசித்து, வாடகை வீட்டை ஒட்டியிருந்த காலி மனையை வாங்கி, அந்த வருடம்தான் வீடு கட்ட ஆரம்பித்திருந்தார்கள். பள்ளிவிட்டு வந்தால் எங்களுக்கு வேறு விளையாட்டே கிடையாது. மனைக்கு முன்னால், பழைய மதில் சுவரில் சாய்த்துக் கொட்டியிருந்த மணல் எங்களுக்கு மலை. ஏறினால் கால் புதையும், இறங்கினால் கூடவே வரும். எவ்வளவு அள்ளி ஓரிடத்தில் போட்டாலும் அது தானாகவே சரிந்து அதே சாய்மானத்தில் போய் நிற்கும். அதை யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் அப்பாவின் தங்கை சிவகாமி அத்தை சேரன்மகாதேவியிலிருந்து வந்து எங்களோடு தங்கினாள். ஆங்கிலம் படித்து, பி.எட்.டும் முடித்தவள். எழுதச் சொன்னால் முத்து முத்தாக எழுதுவாள். கஷ்டமான சொல்லுக்கும் எழுத்துப் பிழை வராது. ஆனால் நாலு பேர் முன்னால் ஆங்கிலத்தில் வாயைத் திறந்தால் முதல் சொல்லோடு நின்றுவிடும். அதற்கு முந்தைய வருடம் வேறொரு பள்ளியில் வேலை கேட்டுப் போனபோது, கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் தெரிந்தும் ஒன்றையும் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டாள் என்று அம்மா என்னிடம் சொல்லியிருந்தாள். இப்போது நான் படிக்கிற பள்ளியிலேயே ஆங்கில ஆசிரியைக்கு இடம் காலி. திங்கள்கிழமை தலைமையாசிரியை முன்னால் ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும். அதுவும் எங்கள் வகுப்பில்.

நடத்த வேண்டிய பாடத்தில் ஒரு குடியானவன் வீட்டுக் கதை வரும். அதில் மூன்று சொற்கள் அடுத்தடுத்து வந்தன: 'ஹீப்', 'பைல்', 'ஸ்டாக்'. மூன்றுக்குமே எங்கள் கையேட்டில் குவியல் என்று ஒரே பொருள்தான் போட்டிருந்தது. அத்தைக்கு அது பொறுக்கவில்லை. மாலையில் என்னையும் சங்கரையும் கட்டட வேலை நடக்கிற இடத்துக்குக் கூட்டிப்போய் நிறுத்தினாள்.

"ஏட்டி, நல்லாப் பாரு. கொத்தனார் செங்கல்ல ஒண்ணுமேல ஒண்ணு வச்சு அட்டி போட்டிருக்கார்லா, அது ஸ்டாக். அந்தா, பலகையெல்லாம் ஒண்ணுமேல ஒண்ணா, ஆனா கோணமாணயா கிடக்குல்ல, அது பைல். இந்த மணல யாராவது அடுக்குனாங்களா? கொட்டுனாங்க, அது பாட்டுக்குக் குமிஞ்சு கிடக்கு. அதான் ஹீப்."

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நம்மிடமும் இப்படித்தானே இருக்கிறது என்று தோன்றியது. செங்கலைக் கொத்தனார் 'அட்டி' என்கிறார், நெல்லை 'அம்பாரம்' என்கிறார்கள், வைக்கோலைப் 'படப்பு' என்கிறார்கள், துவைக்கப் போட்ட துணியை அம்மா 'கும்பாரமாக் கிடக்கு' என்று அலுத்துக்கொள்கிறாள்; ஒவ்வொன்றும் எப்படி வந்து சேர்ந்தது என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல அத்தையின் முகம் மலர்ந்தது. ஆனால் ஒரு சிக்கலையும் நான் சொல்லவேண்டியிருந்தது. வண்ணார்பேட்டையிலிருந்து பாளையங்கோட்டை போகிற வழி முழுக்கச் சுவர்களில் 'மூலம், பவுத்திரம், பைல்ஸ், ஆபரேஷன் இல்லாமல் குணம்' என்று நீலச் சாயத்தில் விளம்பரம் எழுதியிருக்கும். ஏதோ லாட்ஜில் மாதம் ஒருநாள் வந்து பார்க்கிற வைத்தியருடைய விளம்பரம். எங்கள் வகுப்பில் யாருக்கும் அந்தச் சொல்லுக்கு வேறு பொருளே தெரியாது. அத்தை கரும்பலகையில் அதை எழுதினால் வகுப்பே சிரித்து உருண்டுவிடும்.

அத்தை காதுமடல் வரை சிவந்துபோனாள். "அப்ப அந்த வார்த்த நமக்கு வேண்டாம். ஹீப்லயே நின்னுருவோம்" என்றாள்.

அதற்குப் பிறகு அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் அந்தச் சொல்தான். அத்தை அகராதியை விரித்துவைத்துக்கொண்டு அது எங்கெல்லாம் போய் உட்காருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நிறைய என்பதற்கு அதுவே சொல். நேரம் நிறைய இருக்கிறது என்றாலும் அதே சொல், ஆட்கள் நிறைய வந்தார்கள் என்றாலும் அதே சொல். ஒருவர் மேல் புகழ்ச்சியைக் கொட்டலாம், பழியைக் கொட்டலாம், அதற்கும் அதுவே வினைச்சொல். எல்லாருக்கும் கீழே கிடப்பவனைக் குவியலின் அடியில் கிடப்பவன் என்கிறார்கள். ஒரே ஓர் இடத்தில்தான் அவளுக்கு இடறியது. மனிதர்கள் குவியலாக விழுவார்கள் என்று அகராதி சொன்னது.

"மனுசன் எப்படிட்டி குவியலா விழுவான்? ஒத்த ஆளு விழுந்தா எப்படிக் குவியலாகும்?" என்று என்னிடம் கேட்டாள். பிறகு அம்மாவிடம் போய்க் கேட்டாள். அம்மா அரிசி களைந்துகொண்டே, "இங்கிலீஷ்காரங்க எப்படி விழுவாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று சிரித்தாள்.

ஆனி மாதம் அது. குற்றாலத்தில் சாரல் பிடித்திருந்தது. திருநெல்வேலிக்கு அதன் காற்று மட்டும் வரும். பகல் முழுக்க விடாமல் வீசி, மணலின் ஈரத்தை மேலிருந்து கீழாக உறிஞ்சிக்கொண்டிருந்தது. பூச்சுவேலை தொடங்கியதால் வேலையாட்கள் தினமும் குவியலின் ஒரு பக்கத்திலிருந்தே அள்ளிக்கொண்டு போனார்கள். அள்ளிய பக்கம் ஈரத்தில் இறுகி, வெட்டிய மைசூர்பாகு போல நட்டுக்குத்தாக நின்றது. சங்கருக்கு அந்தச் சுவரைப் பார்த்ததும் குகை தோண்டும் ஆசை வந்துவிட்டது. தினமும் கொஞ்சம் தோண்டுவான். தலையெல்லாம் மணலோடு வந்து நிற்பான். அவனைக் குளிப்பாட்டிக் குளிப்பாட்டி அம்மாவுக்கு அலுத்துவிட்டது. "இன்னொரு தடவ தலையில மண்ணோட வந்தேன்னா வீட்டுக்குள்ள விடமாட்டேன், பாத்துக்க" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அவன் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தான். சித்தாள்கள் கலவை சுமக்கிற இரும்புச் சட்டி ஒன்றை எடுத்துத் தலையில் தொப்பி மாதிரி கவிழ்த்துக்கொண்டு தோண்டப் போனான். கண் வரைக்கும் சட்டி மறைக்க, அவன் நடந்துபோவதைப் பார்த்து வேலையாட்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

சனிக்கிழமை மாலை. அப்பா கதவு நிலை பார்க்கச் சேரன்மகாதேவிக்குப் போயிருந்தார். வேலையாட்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு கிளம்ப, கொத்தனார் அண்ணாச்சி மட்டும் உள்ளே கை கால் கழுவிக்கொண்டிருந்தார். அம்மா அடுப்படியில் இருந்தாள். அத்தை செங்கல் அட்டியின் மேல் புத்தகத்தை வைத்துக்கொண்டு எனக்குப் பாடம் நடத்திப் பழகிக்கொண்டிருந்தாள். நான்தான் முழு வகுப்பும். எங்கள் இருவருக்கும் பின்னால் மணல். சங்கர் குகைக்குள் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்துகொண்டேயிருந்தது.

அது நின்றது. பெரிய சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. யாரோ பெருமூச்சு விட்டது போல ஓர் ஒலி, அவ்வளவுதான். நாங்கள் திரும்பிப் பார்த்தோம். நட்டுக்குத்தாக நின்ற சுவரைக் காணவில்லை. அந்த இடத்தில் மணல் வழவழப்பாக, எப்போதும் போல அதே சாய்மானத்தில் படிந்து கிடந்தது. மேலே சில மணிகள் இன்னும் உருண்டுகொண்டிருந்தன. ஒன்றுமே நடக்காத மாதிரி, இப்போதுதான் லாரியிலிருந்து கொட்டிய மாதிரி, அவ்வளவு அமைதியாக, அவ்வளவு ஒழுங்காக அது இருந்தது.

"சங்கர் எங்கத்த?" என்று நான் கேட்டேன்.

அத்தை நகர்ந்த வேகத்தில் புத்தகம் கீழே விழுந்தது. "மதினி" என்று வீட்டைப் பார்த்து ஒரே ஒரு தடவை கத்திவிட்டு மணலில் பாய்ந்து விழுந்து இரண்டு கையாலும் பறிக்க ஆரம்பித்தாள்.

அம்மா ஈரக் கையோடு ஓடிவந்தாள். எங்கள் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. கொத்தனார் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடிவந்து ஓங்கினார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அலுவலகத்தில் யாரிடமும் அதிர்ந்து பேசாதவள் என்று பெயர் வாங்கியவள் அவள்.

"மம்பட்டியக் கீழ போடுங்க அண்ணாச்சி. பிள்ள மேல பட்ரும். கையால அள்ளுங்க."

நாலு பேரும் அள்ளினோம். அள்ள அள்ள மேலிருந்து சரிந்தது. ஒரு கை மண்ணை எடுத்தால் ஒரு கூடை மண் வந்து அந்த இடத்தில் உட்கார்ந்தது. இத்தனை நாள் நான் வேடிக்கை பார்த்த அதே குணம்தான். இப்போது அது எங்களுக்கு எதிரியாக இருந்தது. கொத்தனார் மூச்சு வாங்க, "அடியில பறிச்சா ஆவாது. மேலருந்து தள்ளணும். நாம நாலு பேரு பத்தாது, ஆள் வேணும், ஆள் வேணும்" என்றார்.

அத்தை எழுந்தாள். தெருமுனையில் பாளையங்கோட்டையிலிருந்து வருகிற டவுன் பஸ் திரும்பிக்கொண்டிருந்தது, படிக்கட்டில் ஆள் தொங்க. அத்தை ஓடிப்போய் நடுரோட்டில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். பஸ் உறுமிக்கொண்டு அவள் மேல் இடிக்கிற தூரத்தில் வந்து நின்றது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டித் திட்ட வாயெடுத்தார். நாலு பேர் முன்னால் ஒரு வாக்கியம் பேச வராத என் அத்தை, தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்:

"மண்ணுக்குள்ள பிள்ள கிடக்கான். எல்லாரும் இறங்குங்க. ஒருத்தர் விடாம இறங்குங்க."

அந்தப் பஸ்ஸிலிருந்து ஆட்கள் இறங்கினார்கள். இறங்கிக்கொண்டே இருந்தார்கள். கல்லூரிப் பையன்கள், கையில் காகிதக் கட்டோடு கோர்ட் குமாஸ்தா ஒருவர், பூக்கூடையோடு ஒரு பெண், வெள்ளைத் துப்பட்டி போர்த்திய இரண்டு மேலப்பாளையத்துப் பெண்கள், மார்க்கெட்டிலிருந்து திரும்புகிற வியாபாரிகள், கைக்குழந்தையை யாரிடமோ கொடுத்துவிட்டு ஓடிவந்த ஒரு தாய். நடத்துநர் பணப்பையைக் கழற்றி இருக்கையில் எறிந்துவிட்டு ஓடிவந்தார். அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். கொத்தனார் குவியலின் உச்சியில் ஏறி நின்று, "மிதிக்காதிய, மதில் ஓரமா ஏறுங்க, மேல உள்ளத ரோட்டுப்பக்கம் தள்ளுங்க, பைய, பைய" என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். யாரும் யாரையும் எதிர்த்துப் பேசவில்லை. வரிசையாக மண்டியிட்டு, கையாலும் முழங்கையாலும் சாப்பாட்டுத் தட்டாலும் டிபன் கேரியர் மூடியாலும் மணலை உச்சியிலிருந்து ரோட்டை நோக்கித் தள்ளினார்கள். பூக்காரப் பெண் கூடையைக் கவிழ்த்துப் பூவையெல்லாம் தரையில் கொட்டிவிட்டு அதில் மணல் அள்ளினாள். குமாஸ்தாவின் வெள்ளை வேட்டி இடுப்பு வரை பழுப்பாகிவிட்டது. கொத்தனாரின் குரல் தவிர மணல் நகர்கிற ஓசை மட்டும், மழை பெய்கிற மாதிரி.

நான் மதில் ஓரமாக நின்றேன். என்னை யாரோ அங்கே நகர்த்தி நிறுத்தியிருந்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தது அவ்வளவு பெரியதாக இருந்தது. என் உயரத்துக்கும் மேலே நின்ற மலை, என் கண் முன்னால் தோள் உயரத்துக்கு வந்து, இடுப்பு உயரத்துக்கு வந்து, கரைந்துகொண்டிருந்தது.

"ஏ, இங்கன என்னமோ இரும்பு தட்டுபடுது" என்றது ஒரு குரல். கல்லூரிப் பையன்களில் ஒருவன். எல்லாருடைய கையும் அந்த ஓர் இடத்துக்குப் போயிற்று. கலவைச் சட்டியின் கவிழ்ந்த அடிப்பாகம் தெரிந்தது. அம்மா அதன் விளிம்பில் விரலைக் கொடுத்துத் தூக்கினாள். உள்ளே சங்கரின் முகம். சட்டி அவன் தலையிலிருந்து நழுவி முகத்துக்கு முன்னால் கவிழ்ந்து, ஒரு கையளவு காற்றைப் பிடித்துவைத்திருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. கண் மூடியிருந்தது. கொத்தனார் அவன் கக்கத்தில் கை கொடுத்து, செடியை வேரோடு பிடுங்குகிற பக்குவத்தில் மெல்ல மெல்ல வெளியே எடுத்தார்.

"எய்யா" என்றாள் அம்மா. "எய்யா, சங்கரு."

அவன் ஒரு தும்மல் தும்மினான். பிறகு இருமினான். கண்ணைத் திறந்து அத்தனை பேரையும் பார்த்து மிரண்டு, அம்மாவைத் தேடிக் கண்டுபிடித்து, அழத் தொடங்குவதற்கு முன்னால் சொன்னான்: "அம்மா, தலையில மண்ணு படவே இல்ல."

அம்மா எழுந்து நின்றாள். பிறகு அவள் முழங்கால், இடுப்பு, தோள், தலை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்து, எலும்பே இல்லாதவள் போல அந்த மணலிலேயே சரிந்தாள். சேலையும் கூந்தலும் கையும் காலும் எது எதுவென்று தெரியாமல் அவள் கிடந்ததைப் பார்த்தபோது, எனக்குப் பக்கத்தில் நின்றிருந்த அத்தை என் தோளை இறுக்கிப் பிடித்தாள். அகராதி சொன்னது எப்படியென்று அந்த நொடியில் எங்கள் இருவருக்கும் தெரிந்துவிட்டது.

மேலப்பாளையத்துப் பெண்களில் மூத்தவள்தான் அம்மாவைத் தூக்கி மடியில் சாய்த்துத் தண்ணீர் கொடுத்தாள். "பிள்ள நல்லாருக்கான்மா, அல்லா காப்பாத்திட்டான், எந்திரி" என்று அவள் அம்மாவின் முகத்தைத் தன் துப்பட்டியால் துடைத்துவிட்டாள். யாரோ சங்கரைத் தூக்கிக்கொண்டு தெருமுனை டாக்டரிடம் ஓட, அவர் பார்த்துவிட்டு, மூக்கிலும் காதிலும் இருந்த மணலை எடுத்து, பயமில்லை என்று அனுப்பினார். அதற்குள் நடத்துநர் விசிலை ஊதிவிட்டார். உடம்பெல்லாம் மணலோடு அத்தனை பேரும் மறுபடி பஸ்ஸில் ஏறினார்கள். யாரும் பெயர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பஸ் போன பிறகு தெருவில் பூ மட்டும் சிதறிக் கிடந்தது. மலை இருந்த இடத்தில் மலை இல்லை. இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் ரோடு முழுக்க மணல் பரந்து, ஆறு எங்கள் தெரு வழியாக ஓடிவிட்டுப் போனது போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அத்தை சாப்பிடவில்லை. தன் பையை எடுத்துவைத்து, துணியை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். அப்பா ஏதோ சமாதானம் சொல்லிப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார். அம்மா அவளருகில் போய் உட்கார்ந்தாள். நான் சங்கரைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றேன். அன்று முழுக்க நான் அவன் சட்டையை விடவேயில்லை.

"எங்க கிளம்புத?" என்றாள் அம்மா.

"ஊருக்குப் போறேன் மதினி. என்னாலதான் எல்லாம். முதுகக் காட்டிக்கிட்டு நின்னுட்டேன்."

"வீட்டுக்குள்ள இருந்த நானும்தான் பாக்கல. கொத்தனாரும் பாக்கல. அத விடு. பஸ்ஸ மறிச்சது யாரு? எனக்கு அது தோணவேயில்ல சிவகாமி. நான் பாட்டுக்கு மண்ண அள்ளிக்கிட்டேதான் இருந்திருப்பேன்." அம்மா பையிலிருந்த துணியை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தாள். "ஓடுத பஸ்ஸுக்கு முன்னால நின்னு பேசியிருக்க. நாளைக்கு நாப்பது பிள்ளைகளுக்கு முன்னால பேச மாட்டியா?"

திங்கள்கிழமை முதல் பாடவேளை. பின்வரிசை பெஞ்சில் தலைமையாசிரியையும் இன்னும் இரண்டு ஆசிரியைகளும் வந்து உட்கார்ந்தார்கள். அத்தை பச்சைக் கரை போட்ட வெள்ளைச் சேலையில் வந்தாள். விரல்நுனி எல்லாம் தோல் உரிந்து சிவந்திருந்தது எனக்கு மட்டும் தெரியும். நான் அவளுக்குத் தெரிந்தவள் என்று காட்டிக்கொள்ளக் கூடாது என்பது எங்கள் ஒப்பந்தம். கரும்பலகையில் பெரிய எழுத்தில் 'ஹீப்' என்று ஆங்கிலத்தில் எழுதினாள். திரும்பினாள். வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை.

நேரம் போனது. மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது. பின்னாலிருந்து ஒரு பெஞ்ச் கிரீச்சிட்டது. அத்தை தன் விரல்களைப் பார்த்தாள். பிறகு தலையை நிமிர்த்தி, புத்தகத்தை மூடி மேசையில் வைத்துவிட்டு, ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தாள். பாடத்திலிருந்த குடியானவன் வீட்டை அவள் தொடவேயில்லை. சனிக்கிழமை எங்கள் வீட்டு வாசலில் ஒரு மணற்குவியல் இருந்தது என்று தொடங்கினாள்.

நாங்கள் தமிழில் யோசித்து ஆங்கிலத்தைத் தேடுகிற பிள்ளைகள். ஆனால் அன்று எங்களுக்கு ஒரு சொல்லும் புரியாமல் போகவில்லை. செங்கல் எப்படி அடுக்கியிருந்தது, மணல் எப்படிக் கொட்டிக் கிடந்தது, சிறுவன் எப்படிக் காணாமல் போனான் என்று அவள் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு சொல்லும் தன்னுடைய இடத்தில் போய் நின்றது. ஆட்கள் நிறைய வந்தார்கள் என்பதற்கு அவள் அந்தச் சொல்லையே சொன்னாள். சிறுவன் குவியலின் அடியில் கிடந்தான் என்றாள். பலகைகள் கிடந்ததைச் சொல்லும்போது, வேண்டாமென்று ஒதுக்கிவைத்த அந்தப் 'பைல்' என்ற சொல்லும் வந்தது. ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. ஓரிரு இடத்தில் வினைச்சொல்லின் காலம் தப்பியது, திருத்திக்கொள்ள அவள் நிற்கவில்லை. அம்மா விழுந்ததைச் சொல்ல வந்தபோது மட்டும் ஒரு கணம் நிறுத்தி, கரும்பலகையில் எழுதியிருந்த சொல்லைத் தொட்டுக்காட்டிவிட்டு, ஒரு மனுஷி குவியலாக விழுந்தாள் என்று மெதுவாகச் சொன்னாள். அது எப்படியென்று எந்தப் பிள்ளையும் கேட்கவில்லை. முன்பெஞ்சில் இருந்த ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் பிறந்ததிலிருந்து பார்க்கிற என் அத்தையை, யாரோ ஒரு பெரிய மனுஷியை அண்ணாந்து பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மணி அடித்தது. தலைமையாசிரியை எழுந்து முன்னால் வந்தார். தமிழில், "பிள்ள இப்ப எப்படி இருக்கான்?" என்று கேட்டார்.

"நல்லாருக்கான் மேடம். காலையில தோசை கேட்டு அழுதான்" என்றாள் அத்தை. அந்த வாரத்திலேயே அவளுக்கு வேலை கிடைத்துவிட்டது.

இப்போது வண்ணார்பேட்டையில் எவ்வளவோ வீடு எழும்புகிறது. ஆனால் ஆற்று மணலை வாசலில் கொட்டி நான் பார்த்துப் பல வருடங்கள் ஆகின்றன. பாறையை அரைத்த சாம்பல் நிற எம்-சாண்டை லாரியில் கொண்டுவந்து தார்ப்பாய் போட்டு மூடிவிடுகிறார்கள்; பெரிய கட்டடமென்றால் கலவையே சுழலும் லாரியில் வந்து குழாய் வழியாக மேலே போய்விடுகிறது. அள்ளி அள்ளி ஆற்றிலும் மணல் இல்லை. குறுக்குத்துறைப் பக்கம் நாங்கள் சின்ன வயதில் ஓடி விளையாடிய மணல்திட்டு இருந்த இடத்தில் பாறையும் களிமண்ணும் கோரையும்தான். ஒரு காலத்தில் இந்த ஊரில் மணல் என்றால் தெருத்தெருவாகக் கிடக்கும் என்று சொன்னால் என் மகள் நம்புவதில்லை.

சங்கருக்கு அந்த நாள் சுத்தமாக நினைவில்லை. மணலுக்குள் ஒளிந்து விளையாடினான் என்றுதான் வீட்டில் அவனிடம் சொல்லிவைத்திருந்தோம். அவன் கோயம்புத்தூரில் வேலையாகிப் பிள்ளைகுட்டி என்று ஆன பிறகு, போன வருடம் அத்தை பணி ஓய்வு பெற்ற அன்று, சாப்பாட்டுக்குப் பிறகு பேச்சுவாக்கில் அத்தைதான் முழுக்கதையையும் சொன்னாள். அவன் கேட்டுவிட்டு, "அவங்கல்லாம் யாரு அத்த?" என்றான்.

"தெரியாதுய்யா. பஸ்ல வந்தவங்க."

மறுநாள் கோயம்புத்தூர் பஸ் பிடிக்க அவன் பாளையங்கோட்டையில் என் வீட்டிலிருந்து புது பஸ் ஸ்டாண்டுக்குப் போகவேண்டும். காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்று என் கணவர் சாவியை எடுத்தார். அவன் வேண்டாமென்று சொல்லிவிட்டு டவுன் பஸ்ஸில் ஏறினான். வழியனுப்ப நானும் கூட ஏறினேன். காலைக் கூட்டம், நிற்க இடமில்லை. கிடைத்த இருக்கையை ஒரு பெரியவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஏறுகிற ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தபடி நின்றான். வயதான ஒரு பெண், பார்வை தன் மேலேயே நிற்பதைக் கண்டு, "என்னய்யா, தெரிஞ்ச முகமாத் தெரியுதா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா" என்றான் சங்கர்.